ஆப்பிரிக்கப் பயணியும் செக்-இன் கவுண்டரும்: மரியாதை எந்த இடத்தில் அறுகிறது?

கேள்வி இது: "கிரவுண்ட் ஹேண்ட்லிங் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிற விமானம் என்றாலே கவுண்டரில் தகராறு. 'கறுப்பர்கள் என்பதால்தானே இப்படி நடத்துகிறீர்கள்' என்று பயணிகள் கேட்கிறார்கள். 'அவங்க எப்பவும் கத்துவாங்க, கண்டுக்காதே' என்கிறார்கள் சீனியர்கள். யார் சொல்வது சரி? நான் எப்படி நடந்துகொள்வது?"

பயணிகள் சொல்வதில்தான் உண்மை அதிகம். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அது இல்லை. வணக்கம் சொல்லாததும் சிரிக்காததும் சின்ன விஷயம். லாகோஸ், அக்ரா, நைரோபி, அடிஸ் அபாபா எங்கே போனாலும் பெரிய சண்டை பிறக்கும் இடம் ஒன்றே: ஆவணம் சரிபார்க்கும் அந்த ஐந்து நிமிடம். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் அங்கேதான் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து சந்தேகத்துக்குரியவர் என்ற நிலைக்கு இறக்கப்படுகிறார். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தகராறை நீங்களே தவிர்க்கலாம்.

காரணம் அபராதம். விசா இல்லாத, அல்லது போலி ஆவணம் வைத்திருக்கிற ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும். பிரிட்டனில் 1987-லிருந்தே இந்தச் சட்டம் உண்டு. ஒரு பயணிக்கு 2,000 பவுண்ட். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு விதிப்படி, உறுப்பு நாடுகள் தலைக்குக் குறைந்தது 3,000 யூரோவாவது விதிக்க வேண்டும், அல்லது உச்சவரம்பை 5,000 யூரோவுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். போதாததற்கு, திருப்பி அனுப்பப்படுபவரை அழைத்துவரும் பொறுப்பும் ஏற்றிச்சென்ற நிறுவனத்தின் தலையில்தான். ஆக, குடியுரிமை அதிகாரி செய்ய வேண்டிய வேலையைச் செக்-இன் கவுண்டரில் நிற்கும் காண்டிராக்ட் ஊழியர் செய்கிறார். அதிகாரிக்குள்ள பயிற்சி அவருக்கு இல்லை, தவறினால் வேலை போகும் என்ற பயம் மட்டும் உண்டு. அந்தப் பயம் யார் மேல் இறங்கும்? விசா தேவைப்படுகிற, 'அதிகம் மறுக்கப்படுகிற' நாட்டுப் பாஸ்போர்ட்டின் மேல்.

ஐரோப்பாவின் விமான நிலைய டிரான்சிட் விசாப் பட்டியலைப் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்று ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பொதுவாக வைத்திருக்கும் பட்டியலில் 12 நாடுகள். அதில் ஆறு ஆப்பிரிக்க நாடுகள்: நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, எரித்ரியா, சோமாலியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு. இலங்கையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. எனவே இலங்கைப் பாஸ்போர்ட்டோடு ஐரோப்பா வழியாகக் கனடா போன தமிழர்களுக்கு, அக்ராவில் வரிசையில் நிற்பவரின் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, கவுண்டரில் என்ன செய்வது?

முதலில் டைமேட்டிக். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் இந்தத் தரவுத்தளத்தில் எந்த நாட்டவர், எந்த ஆவணத்தோடு, எங்கே போகிறார், எங்கே மாறுகிறார் என்று கொடுத்தால் என்ன வேண்டும் என்று அது சொல்லும். இதில் அடிக்கடி நடக்கிற பிழை, பயணியின் வதிவிட அட்டையைப் பதியாமல் விடுவது. கனடாவின் நிரந்தர வதிவிட அட்டையோ அமெரிக்க கிரீன் கார்டோ வைத்திருக்கும் நைஜீரியருக்கு ஷெங்கன் டிரான்சிட் விசா தேவையில்லை. அட்டையைப் பதியாமல் 'நைஜீரியா' என்று மட்டும் தட்டினால் திரை 'விசா தேவை' என்னும். ஊழியர் அதை நம்பி மறுப்பார், பயணி கத்துவார், சீனியர் "பார்த்தியா, கத்துறாங்க" என்பார். எனவே 'இல்லை' என்று சொல்லும் முன், "வேறு நாட்டு விசா, வதிவிட அட்டை ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி. பிறகு திரையைத் திருப்பி அந்த வரியைக் காட்டுங்கள். மறுப்பு உங்கள் வாயிலிருந்து வராமல் விதியிலிருந்து வரும்போது சண்டையின் சூடு பாதி குறையும்.

அடுத்தது பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போவது. புற ஊதா விளக்கின் கீழ் பார்க்கவோ, படம் எடுத்து ஆவண ஆலோசகருக்கு அனுப்பவோ போகிறீர்கள். உங்களுக்கு அது சாதாரண வேலை. எதிரே நிற்பவருக்கோ, வெளிநாட்டில் தன்னிடம் உள்ள ஒரே அடையாளம் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் கதவுக்குப் பின்னால் மறைகிறது. மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: எதற்காக, யாரிடம், எத்தனை நிமிடம். "விசா பக்கத்தைச் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும், பத்து நிமிடத்தில் வருகிறேன்." பத்தாவது நிமிடம் வேலை முடியாவிட்டாலும் வந்து, "இன்னும் ஐந்து நிமிடம்" என்று சொல்லுங்கள். பயணியை வரிசைக்குப் பக்கத்தில், எல்லோர் பார்வையும் படுகிற மாதிரி ஓரமாக நிற்க வைக்காதீர்கள். "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் திரும்பியே பார்க்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற ஆகப் பெரிய அவமதிப்பு. நாற்காலி ஒன்று காட்டுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் கவுண்டர் திறந்த முதல் மணி நேரத்திலேயே சரிபார்ப்பைத் தொடங்குங்கள். தெரிந்தோ தெரியாமலோ பல இடங்களில் நடப்பது வேறு. கவுண்டர் மூடும்வரை காக்க வைத்துவிட்டு, கடைசியில் ஆவணம் சரி என்று தெரிந்த பிறகு "செக்-இன் முடிந்துவிட்டது" என்பார்கள். ஆவணம் சரியாக இருந்து, பயணி நேரத்துக்கு வந்திருந்து, உங்கள் சரிபார்ப்பால் விமானம் தவறினால் அது பயணியின் தாமதம் ஆகாது. அதை 'நோ-ஷோ' (பயணி வரவில்லை) என்று பதிவது பொய். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானமானால் ஏற்ற மறுத்ததற்கான இழப்பீடு தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ வரை போகும்; உரிமைகளைச் சொல்லும் எழுத்து அறிவிப்பையும் கையில் கொடுத்தாக வேண்டும்.

கையில் எவ்வளவு பணம், எங்கே தங்குகிறீர்கள், யார் அழைத்தது போன்ற கேள்விகளுக்கு ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியை இதே விமானத்தில் போகும் வெள்ளைக்காரரிடமும் கேட்டேனா? கேட்கவில்லை என்றால், டைமேட்டிக்கில் அந்த நாட்டவருக்கு அப்படி ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் கேட்காதீர்கள். இருந்தால் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். பின்னால் நிற்கும் முப்பது பேருக்கு அவருடைய பணக்கணக்கு தெரிய வேண்டியதில்லை.

சந்தேகத்தைத் தீர்க்கத் தவறான கருவியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ல் அயர்லாந்தின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரயன்ஏர் கையாண்ட முறையே உதாரணம். போலித் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுகள் புழங்குவதாகச் சொல்லி, தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் ஒரு பொது அறிவுத் தேர்வுத் தாளை நீட்டியது அந்த நிறுவனம். அந்தத் தாள் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இருந்தது. அன்று தென்னாப்பிரிக்காவின் ஆட்சி மொழிகள் 11. ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். அதைவிட முக்கியம், நிறவெறி அரசு பள்ளிகளில் திணித்த மொழி அது. 1976-ல் சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கிக் குண்டடிபட்டது அந்தத் திணிப்பை எதிர்த்துத்தான். மொழிக்காக மாணவர்கள் உயிர்விட்ட ஊர்க்காரர்களுக்கு இதன் வலியை நான் விளக்க வேண்டாம். கண்டனம் எழுந்து, ஜூன் மாதம் தேர்வு கைவிடப்பட்டது. போலிப் பாஸ்போர்ட்டைக் கண்டுபிடிக்க வழிகள் பாஸ்போர்ட்டிலேயே இருக்கின்றன: தாள், நூல், சிப், கீழே உள்ள இரண்டு வரி எழுத்து. பயணிக்குத் தேர்வு வைப்பது அவரை அவமானப்படுத்த உதவும், கள்ளப் பாஸ்போர்ட்டைப் பிடிக்க உதவாது.

அடுத்த சிக்கல் பெயர். இதில் தமிழ் ஊழியர்களுக்கு யாருக்கும் இல்லாத சாதகம் ஒன்று உண்டு. எத்தியோப்பியர்களுக்கும் எரித்ரியர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர், அவ்வளவுதான். சோமாலியர்களுக்கும் இதே மூன்று அடுக்கு. நம் இனிஷியலை வெளிநாட்டுப் படிவத்தில் விரிக்கும்போது அப்பா பெயர் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் விழுந்து, ஊரெல்லாம் நம்மை அப்பா பெயரால் கூப்பிடுமே, அதே கதை அங்கும். டிக்கெட்டில் அப்பா பெயரும் விசாவில் தாத்தா பெயரும் அந்தக் கட்டத்தில் விழலாம். அது மோசடி ஆகாது. மூன்று பெயரையும் வரிசையைக் கண்டுகொள்ளாமல் ஒப்பிட்டு, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால்தான் அடுத்த கட்டம்.

இதன் இன்னொரு முனை கொஞ்சம் கூர்மையானது. எத்தியோப்பியப் பெண் திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதில்லை. அப்படியானால் கணவனுக்கு ஒரு கடைசிப் பெயர், மனைவிக்கு ஒன்று, குழந்தைக்கு மூன்றாவது ஒன்று. கைக்குழந்தையோடு தனியாக வரும் தாயிடம் "பெயர் பொருந்தவில்லையே, இது யார் குழந்தை?" என்று கேட்கிறார்கள். குழந்தைக் கடத்தலைத் தடுப்பது அவசியம்தான். ஆனால் கேள்வியை மாற்றலாம். "குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது அப்பாவின் ஒப்புதல் கடிதம் இருந்தால் காட்டுங்கள், சிறுவரோடு பயணிக்கும் எல்லோரிடமும் கேட்கிறோம்." எல்லோரிடமும் உண்மையிலேயே கேட்கவும் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்கப் பெயர்களில் சிக்கல் நீளம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 எழுத்திடம்தான். நைஜீரியாவின் யோருபா மொழிப் பெயர்களின் மேலும் கீழும் வரும் குறிகள் அதில் வராது. நீண்ட பெயர் நடுவில் வெட்டப்படும். டிக்கெட் முறையோ பெயர்களை ஒட்டி, கடைசியில் 'எம்.ஆர்.' (மிஸ்டர்) என்று சேர்த்துவிடும். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் சிரிக்காதீர்கள், "மிஸ்டர் ஓ" என்று சுருக்காதீர்கள். "உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது?" என்று கேட்டால் யாரும் கோபித்ததில்லை.

மஞ்சள் அட்டை பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் பழைய விதியை மனப்பாடம் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்து செல்லும். முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும், பழைய அட்டைகளும் உட்பட. 2009-ல் ஊசி போட்டவரின் அட்டையைக் 'காலாவதி' என்று திருப்பினால் தவறு உங்களுடையது. இந்தியாவுக்கு வருபவர்களில் நோயுள்ள நாட்டிலிருந்து செல்லத்தக்க அட்டை இல்லாமல் இறங்குபவரை ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். இதை ஏறும் இடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இனி பேச்சும் பழக்கமும். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். "ஆப்பிரிக்கர்கள் இப்படித்தான்" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் சந்தேகியுங்கள், என்னுடையதையும் சேர்த்து. இருந்தாலும் பல இடங்களுக்குப் பொதுவாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பேச்சு வேலையில் தொடங்காது, நலம் விசாரிப்பில் தொடங்கும். தலை நிமிராமல் "பாஸ்போர்ட்" என்று கை நீட்டுவது லண்டனில் அவசரம் என்று மன்னிக்கப்படலாம். லாகோஸில் அது 'நீ ஒரு பொருட்டில்லை' என்று கேட்கும். "குட் மார்னிங் சார்", "குட் மார்னிங் மா", இரண்டு விநாடி. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பெரியவருக்குச் சுவாஹிலியில் "ஷிகமோ" என்றால் "மரஹபா" என்று முகம் மலர்ந்து பதில் வரும். எத்தியோப்பியரை மரியாதையாகக் கூப்பிடும்போது 'அட்டோ', திருமணமான பெண்ணானால் 'வைசரோ' என்பதோடு அவருடைய சொந்தப் பெயர் வரும், அப்பா பெயர் வராது. பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வலது கையால் கொடுங்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் இடது கை நீட்டுவது நம்மூரைப் போலவே மரியாதைக் குறைவு. வயதானவரை ஒற்றை விரலால் சைகை காட்டி அழைக்காதீர்கள்.

சத்தம் விஷயத்துக்கு வருகிறேன். உரத்துப் பேசுவதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையின் பெரிய தவறு. மதுரை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் பாசமாகப் பேசுவதை ஜப்பானியர் ஒருவர் பார்த்தால் அடிதடி என்றுதான் நினைப்பார். சத்தத்தை வைத்து முடிவெடுக்காமல் செய்கையை வைத்து முடிவெடுங்கள். கை ஓங்கினாரா, வழியை மறித்தாரா, மிரட்டும் சொல் சொன்னாரா? இல்லையென்றால் அவர் கோபமாக இருக்கிறார், அவ்வளவுதான். அதற்குச் செக்யூரிட்டியைக் கூப்பிட வேண்டியதில்லை.

லக்கேஜ். பல ஆப்பிரிக்கத் தடங்களில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் ஏறாது. தூக்குபவரின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. வியாபாரிகள், மருத்துவத்துக்கு வந்து திரும்புபவர்கள், மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போகும் மாணவர்கள் எல்லோரும் கடைசிக் கிலோ வரை நிரப்பித்தான் வருவார்கள், வளைகுடாவிலிருந்து வரும் நம்மவர்கள் மாதிரி. கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பிரபலம். அதன் பெயர் 'கானா மஸ்ட் கோ'. 1983-ல் நைஜீரியா கானாக்காரர்களை வெளியேற்றியபோது அவர்கள் மூட்டை கட்டிய பை என்பதால் வந்த பெயர். அதை வைத்து நகைச்சுவை செய்யாதீர்கள். தரையில் பெட்டியைப் பிரித்து எல்லோர் முன்னும் துணியை அள்ள வைப்பதைத் தவிர்க்க ஒரே வழி, வரிசை நுழையும் இடத்திலேயே ஒரு எடை மெஷினை வைப்பது. அங்கே கூடுதல் எடை தெரிந்தால் ஓரமாகப் போய் மாற்றிக்கொள்வார்கள். கட்டணத்தைச் சொல்லும்போது அச்சிட்ட பட்டியலைக் காட்டுங்கள், ரசீது கொடுங்கள். ரசீது இல்லாத எக்ஸஸ் கட்டணம் எந்த நாட்டிலும் லஞ்சமாகத்தான் பார்க்கப்படும்.

செக்யூரிட்டி உங்கள் கையில் இல்லை, ஆனால் பயணிக்கு எல்லா யூனிஃபார்மும் ஒன்றுதான். உடல் ஸ்கேனர்கள் அடர்த்தியான சுருள் முடியிலும் பின்னலிலும் வீணாக எச்சரிக்கும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் கூந்தலைக் கைவிட்டுத் துழாவியது பெரும் புகாராகி, 2015-ல் அங்கே விமான நிலையச் சோதனையைச் செய்யும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பயிற்சியை மாற்ற ஒப்புக்கொண்டது. தொடும் முன் சொல்வது, அதே பாலினத்தவர் சோதிப்பது, தனியறை வேண்டுமா என்று கேட்பது, இது போதும். முக அடையாளக் கேட்டில் கேமரா ஒருவரை ஏற்காவிட்டால் "மெஷின் சரியாகப் படிக்கவில்லை" என்று சொல்லுங்கள். "உங்கள் முகம் பொருந்தவில்லை" என்று சொல்லாதீர்கள். கறுத்த தோலுக்கு வெளிச்சம் போதாவிட்டால் படம் இருண்டுபோகும், தவறு விளக்கில்.

விமானத்துக்குள். பிஸினஸ் வரிசையில் நிற்கும் கறுப்பினப் பயணியிடம் மட்டும் "இது பிஸினஸ் க்ளாஸ் வரிசை" என்பது எத்தனை தடவை நடந்தாலும் திருந்தாத தவறு. எல்லோரிடமும் போர்டிங் பாஸ் கேளுங்கள், இல்லையென்றால் யாரிடமும் கேட்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் நிறம் காரணமாக முகம் சுளித்தால், இடம் மாற வேண்டியவர் சுளித்தவர்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியோடு நீண்ட விரதங்களும் சேர்த்து ஆண்டில் சுமார் 180 நாள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை. நெய்யும் தயிரும் கூடாது என்பதால் நம் 'ஏ.வி.எம்.எல்.' சைவ உணவு அவர்களுக்கு ஆகாது, பால், முட்டை எதுவும் சேராத 'வி.ஜி.எம்.எல்.' என்று பதிய வேண்டும். பன்னீர் டிரேயை நீட்டிவிட்டு "வெஜிடேரியன்தானே கேட்டீர்கள்" என்று வாதாடுவதைத் தவிர்க்கலாம்.

உடம்பு சரியில்லாமல் போனால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கறுத்த தோலில் ஆக்ஸிஜன் குறைவு முகத்தில் நீலமாகத் தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கறுத்த தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டுவதுண்டு. 94 என்று காட்டினாலும் மூச்சு வாங்கினால் ஆக்ஸிஜன் கொடுப்பது பற்றித் தரையிலுள்ள மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு, அரிவாள் செல் இரத்தச் சோகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இது பரவலாக உண்டு. கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கலாம்; தண்ணீர் குறைந்து, ஆக்ஸிஜனும் குறைந்தால் எலும்பை முறிக்கிற வலி வரும். அந்த வலியில் துடிப்பவரை 'நாடகம்', 'போதை' என்று எடுத்துக்கொண்ட சம்பவங்கள் இல்லாமல் இல்லை. தண்ணீர், கம்பளி, ஆக்ஸிஜன், மருத்துவ ஆலோசனை; கேள்வி அப்புறம்.

சென்னையில் இது இன்னும் பொருந்தும். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 2022-ல் சென்னைக்கு நேரடிப் பயணிகள் சேவை தொடங்கியது. சிகிச்சைக்கு வரும் ஆப்பிரிக்கர்கள் இங்கே நிறையப் பேர். சக்கர நாற்காலிப் பயணியிடம் பேச வேண்டியதை அவரிடமே பேசுங்கள், தள்ளிவரும் உறவினரிடம் பேசாதீர்கள். படி ஏற முடியுமா, இருக்கைவரை நடக்க முடியுமா என்று கேட்டுச் சரியான குறியீடு போடுங்கள். 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' படி ஏறுபவருக்கு, 'டபிள்யூ.சி.எச்.எஸ்.' படி ஏற முடியாதவருக்கு, 'டபிள்யூ.சி.எச்.சி.' நடக்கவே முடியாதவருக்கு. இதைத் தவறாகப் போட்டால் அறுவை சிகிச்சை முடிந்தவர் படிக்கட்டின் அடியில் நிற்பார்.

எல்லாவற்றையும் நிறவெறி என்று மட்டும் பார்க்கவும் கூடாது. 2025 ஆகஸ்ட் 10 அன்று நைஜீரியாவில் உயோவிலிருந்து லாகோஸ் வந்த இபோம் ஏர் விமானத்தில் ஊழியர், பயணி இரு தரப்பும் நைஜீரியர்கள். போனை அணைக்கச் சொன்னதில் தொடங்கிய வாக்குவாதம், இறங்கும்போது கைகலப்பானது. பெண் பயணியின் உடை கிழிந்த நிலையில் இழுத்துச்செல்லப்படும் வீடியோ நாடெங்கும் பரவியது. அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். விமான நிறுவனங்களின் சங்கம் வாழ்நாள் தடை என்றது. சில நாளிலேயே புகார் வாபஸானது, தடையும் நீக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் பிரபல இசைக்கலைஞர் ஒருவர் அபுஜாவில் விமானத்தின் முன்னால் போய் நின்றிருந்தார். அவர் சிறைக்குப் போகவில்லை. மக்கள் இரண்டையும் ஒப்பிட்டதில் வியப்பில்லை. நடைமுறைப் பாடம் இது: விமானம் இறங்கிய பிறகு தகராறு செய்தவரைக் கேபின் க்ரூ தடுத்து நிறுத்தக் கூடாது. பொறுப்பைப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைத்து, கேப்டனின் அறிக்கையை எழுத்தில் கொடுங்கள். யாருடைய வீடியோவையும் ஊழியர் வெளியிடக் கூடாது.

பயணிகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்களுக்கு இதையே சொல்லலாம். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்னதாகவே கவுண்டருக்கு வாருங்கள். அழைப்புக் கடிதம், ஹோட்டல், திரும்பும் டிக்கெட், மஞ்சள் அட்டை எல்லாம் தாளில், ஒரே கவரில். போன் சார்ஜ் தீர்வது ஆவண வாதத்தின் நடுவில்தான். மறுத்தால் கத்துவதைவிட நான்கு விஷயம் கேளுங்கள்: மறுப்புக்கான காரணம் எழுத்தில், ட்யூட்டி மேனேஜர், அவர் பெயர், இப்போதைய நேரம். பெட்டி சேதமென்றால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. சர்வதேசப் பயணத்தில் ஏறுவதிலிருந்து இறங்குவதுவரை நடப்பதற்கு இழப்பீடு கேட்க அந்த ஒப்பந்தம் மட்டுமே வழி என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. நிறம் காரணமாக விமானத்திலிருந்து தள்ளிவைத்தார்கள் என்ற ஒரு வழக்கை 2002-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மாண்ட்ரியலுக்கு முன்பிருந்த வார்சா ஒப்பந்தத்தைக் காட்டித் தள்ளியது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014-ல் மாற்றுத்திறனாளி ஒருவரின் வழக்கில் மன வேதனைக்கு இழப்பீடு இல்லை என்றது. ஆனால் கண்காணிப்பு அமைப்புகளின் கை கட்டப்படவில்லை. 2022-ல் சிலர் செய்த தவறுக்காகத் தோற்றத்தில் ஒத்த 128 யூதப் பயணிகளை மொத்தமாக ஏற்ற மறுத்த ஜெர்மன் விமான நிறுவனம் லுஃப்தான்ஸாவுக்கு, 2024 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 40 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஒரு குழுவை ஒரே ஆளாகப் பார்த்ததற்கான விலை அது. ஆகவே அவமதிப்பை நீதிமன்றத்துக்கு மட்டும் கொண்டு போகாமல், நைஜீரியாவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் நுகர்வோர் பிரிவுக்கும், அமெரிக்கத் தடமானால் போக்குவரத்துத் துறைக்கும் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு வேலை. 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் சுங்கச் சோதனைகளை எண்ணிப் பார்த்தது. உடலைத் தடவிச் சோதித்த பிறகு எக்ஸ்ரேவுக்கு அனுப்பப்பட்டவர்களில், அமெரிக்கக் குடிமக்களான கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட ஒன்பது மடங்கு அதிகம். அவர்களிடம் கடத்தல் பொருள் கிடைத்த விகிதமோ வெள்ளையினப் பெண்களிடம் கிடைத்ததில் பாதிக்கும் குறைவு. சுங்கத் துறை சோதனைகளை வெகுவாகக் குறைத்து, மேலதிகாரி ஒப்புதலைக் கட்டாயமாக்கிய பின், சோதித்தவர்களிடம் பொருள் கிடைக்கும் விகிதம் ஏறியது. இதைக் கவுண்டரிலும் செய்யலாம். ஒரு நோட்டு, ஐந்து கட்டம்: தேதி, பாஸ்போர்ட் நாடு, எதற்காக நிறுத்தினோம், எத்தனை நிமிடம், ஆவணம் கடைசியில் சரியா தவறா. மூன்று மாதம் எழுதிவிட்டு நாடுவாரியாகக் கூட்டுங்கள். எந்த நாட்டவரை அதிகம் நிறுத்தினீர்களோ அவர்களின் ஆவணங்களில்தான் தவறு அதிகம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்தக் கேள்வியை விட வேண்டும் என்பதற்கு மூன்றாவது கட்டத்தைப் படியுங்கள்.